பழவேற்காடு ஏரியை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழவேற்காடு என்றதும் சென்னைக்காரர்கள் பலருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு படகும் ஒரு தட்டு இறால் வறுவலும்தான் நினைவுக்கு வரும். பதினோரு மணிக்குப் போய் இறங்கி நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். "பறவை ஒண்ணையும் காணோமே" என்று சொல்லிக்கொண்டே திரும்புவார்கள். நான் முதல்முறை போனபோது எனக்கும் அதே கதிதான். அது மே மாதம். கானல் அலைந்த உப்புத்தரை தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு தை மாதத்து விடியலில், கருக்கல் பிரியும் நேரத்தில் அதே ஏரியின் வடபக்கம் போய் நின்றேன். அன்றிலிருந்து வருடம் தவறாமல் போகிறேன். இந்த ஏரியை அதன் நேரத்தில், அதன் இடத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த நேரமும் இடமும் எவை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏரியைப் புரிந்துகொள்ளுங்கள்

நீளம் ஏறக்குறைய 60 கி.மீ. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே வரப்புபோலக் கிடக்கிறது. தெற்கிலிருந்து ஆரணி ஆறும் மேற்கிலிருந்து காளங்கியும் வடக்கிலிருந்து சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் கிடையாது. சராசரியாக ஒரு மீட்டர்தான். பல இடங்களில் முழங்கால் நனையும், அவ்வளவே. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். நீண்ட காலுள்ள பூநாரைகள் (ஃப்ளமிங்கோ) ஏன் இங்கே வருகின்றன, இருளர் பெண்கள் எப்படி வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள், டச்சுக் கப்பல்கள் ஏன் வெளியே கடலில் நங்கூரமிட்டு நின்றன, கோடையில் நான் ஏன் ஏமாந்து திரும்பினேன் என எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஆழமின்மைதான்.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பும். பூநாரைகள் நவம்பரிலிருந்து வரத் தொடங்கும். ஆனால் நல்ல மழை பெய்த வருடத்தில் டிசம்பரில் தண்ணீர் ஆழமாக இருக்கும், பறவைகள் சிதறி எங்கோ தொலைவில் நிற்கும். பொங்கலுக்குப் பிறகு நீர் வற்றி, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் நிற்கும்போது கூட்டம் கூட்டமாகச் சேரும். என்னைக் கேட்டால் ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை போகச் சொல்வேன்.

காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். கடற்கரையும் பாலமும் திணறும். சனி, ஞாயிறைவிட வாரநாள் நல்லது. மார்ச் பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே வெயில் ஏறி, தொலைநோக்கியில் பறவைகள் நீரில் கரைந்ததுபோல நெளியும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

ஏரிக்கு இரண்டு வாசல் உண்டு. தெற்கு வாசல் பழவேற்காடு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போகலாம். வடக்கு வாசல் சூலூர்பேட்டை. சென்னையிலிருந்து கூடூர் போகும் பாதையில் உள்ள ஸ்டேஷன் அது. சாலை வழியாக வந்தால் கொல்கத்தா நெடுஞ்சாலையில் நேராக வந்துவிடலாம்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் நல்லது. பறவைகளை வண்டிக்குள் இருந்தபடியே பார்க்க முடியும், அவை மிரளாது. வண்டி இல்லாதவர்கள் சூலூர்பேட்டையில் ஒரு ஆட்டோவை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளலாம். "திரும்பி வரும்போது நடுவில் நாலைந்து இடத்தில் நிறுத்தணும்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முந்தின இரவே வந்து தங்க சூலூர்பேட்டையில் எளிய லாட்ஜுகள் கிடைக்கும். முதல் நாள் ஆந்திரப் பக்கம், இரண்டாம் நாள் தமிழ்நாட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்வதே சரியான வரிசை.

கையில் இருக்க வேண்டியவை: 8x42 அல்லது 10x42 தொலைநோக்கி, தொப்பி, நிறையக் குடிநீர், அடையாள அட்டை. வெளிர் நிறச் சட்டை போதும், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒருபக்கம் சரணாலயம், மறுபக்கம் விண்வெளி மையம்.

முதல் நாள் விடியல்: ஸ்ரீஹரிகோட்டா சாலை

சூலூர்பேட்டையிலிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே கரை போட்டுப் போடப்பட்டது. இருபுறமும் நீர். ராக்கெட் தளத்துக்காக வந்த இந்தச் சாலை ஏரியை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்து நீரோட்டத்தை மறித்துவிட்டது என்பது வருத்தமான உண்மை. ஆனால் பறவை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஏரியில் வேறு இல்லை. சூரியன் எழும்போது சாலையில் இருக்க வேண்டும். அதற்கு லாட்ஜிலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

அடகானிதிப்பா என்ற இடத்துக்கு அருகில் வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் காதில் விழுவது வாத்துக் கூட்டம் கத்துவதுபோன்ற ஒரு தொண்டைக்கட்டிய முனகல். பூநாரைகளின் குரல் அதுதான். வெளிச்சம் வர வர, சாம்பல் நீரில் வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அது கரையோ நுரையோ என்று தோன்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டுக்குக் கால் முளைக்கும்.

ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். கழுத்தை முழுதாகக் கீழே வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்திருக்கும். அதாவது மேலலகு அடியில் இருக்கும். அப்படியே தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். நாக்கு பிஸ்டன்போல நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் நுண்ணிய இறால் குஞ்சுகளையும் பாசியையும் வடிகட்டிக்கொள்ளும். சில பறவைகள் ஒரே இடத்தில் நின்று நாற்று நடுமுன் சேறு மிதிப்பதுபோல மாற்றி மாற்றி மிதிக்கும். சேற்றில் கிடப்பதைக் கிளப்பிவிடத்தான் அந்த மிதி. பார்த்து முடித்துவிட்டு அது நின்ற இடத்தைக் கவனித்தால், சுற்றிலும் கலங்கிய வட்டம் ஒன்று தெரியும்.

அவற்றின் இளஞ்சிவப்பும் இந்த இரையிலிருந்து வருவதுதான். பாசியிலும் இறாலிலும் உள்ள நிறமிகள் இறகில் சேருகின்றன. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிபவை இளம்பறவைகள், நோய்ப்பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் இவை பெருமளவில் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில்.

படம் எடுக்கிறேன் என்று கைதட்டிப் பறக்கவிடும் ஆட்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். மனது வலிக்கிறது. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. நீரின்மேல் பல அடி தூரம் ஓடித்தான் மேலேற வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் அது காலையெல்லாம் வடிகட்டிச் சேர்த்த சத்தைத் தின்றுவிடும். பேசாமல் காத்திருந்தால் அவையாகவே ஒருமுறை எழும்பும். கறுப்பு ஓரம் வைத்த சிவப்புச் சிறகுகள் விரிவதைக் கைதட்டாமலேயே பார்க்கலாம்.

பூநாரைகளோடு நின்றுவிடாமல் நீரின் ஓரத்தையும் துழாவுங்கள். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், ஆலாக்கள், சேற்றில் குத்திக்கொண்டே ஓடும் சிறிய உள்ளான்கள் எல்லாம் இருக்கும். சாலையின் கடைசியில் விண்வெளி மையத்தின் வாயில் வரும். அனுமதி இல்லாமல் அதைத் தாண்ட முடியாது. வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். இப்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால், போகும்போது நிழலுருவமாகத் தெரிந்தவை நிறத்தோடு தெரியும்.

சூலூர்பேட்டைக்கு வந்ததும் செங்காளம்மன் கோவிலுக்குப் போய்வரலாம். இரவும் பகலும் நடை சாத்தாத கோவில் என்பது இந்த அம்மனின் சிறப்பு. மதியச் சாப்பாட்டுக்கு ஆந்திரா மெஸ் ஏதாவது ஒன்றில் பருப்புப் பொடியும் கோங்கூராவும் போட்டுச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள்.

முதல் நாள் மாலை: நேலபட்டு

சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், தொரவாரி சத்திரத்துக்கு அருகே இருக்கிறது நேலபட்டு பறவைகள் சரணாலயம். நம் வேடந்தாங்கலைப் போன்ற ஒரு கிராமத்து ஏரிதான். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடுகட்டும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் உண்டு. பார்வைக் கோபுரமும் இருக்கிறது.

மூன்றரை மணிக்குப் போனால் போதும். கூழைக்கடாக்கள் கூடு வைத்திருப்பது இங்கே, இரை தேடப் போவது பழவேற்காடு ஏரிக்கு. மாலையில் அவை திரும்பி வருவதைப் பார்க்கத்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன். சிறகடிக்காமல் சரிந்து வரும் அந்தக் கனத்த உருவம் மரத்தில் இறங்கியதும் கிளை முழுவதும் ஆடும். குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் தலையையும் கழுத்தையும் நுழைத்துக்கொண்டு இரை எடுப்பதை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். முதன்முறை பார்க்கும் குழந்தைகள் தாய் குஞ்சை விழுங்குகிறது என்றே நினைத்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் காலை: பழவேற்காடு மீன் ஏலம்

அதிகாலையிலேயே கிளம்பி, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வழியாக ஏழு மணிக்குள் பழவேற்காட்டுக்கு வந்துவிடுங்கள். நேராகப் படகுகள் வந்து சேரும் இடத்துக்குப் போங்கள். கூடைகளில் மடவை, கொடுவா, கிழங்கான், இறால் எல்லாம் இருக்கும். தனியாக ஒரு மூலையில் நண்டு. ஓர் அம்மா நண்டின் முதுகைக் கால் பெருவிரலால் அமுக்கிப் பிடித்து, இரண்டு கொடுக்குகளையும் நாலே சுற்றில் கயிற்றால் கட்டிவிட்டு, பார்க்காமலேயே பெட்டிக்குள் போடுவார். இந்த ஏரியின் சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரை போகிறது.

"இன்னிக்குப் பாடு எப்படிங்க?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பாடு என்றால் கிடைத்த மீன். அதே சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் பாடு என்றுதான் பெயர். நல்ல மீன் கிடைக்கும் இடம் சிலருக்கே போய்விடாமல் சுழன்றுவரும். ஆழமற்ற நீரில் மீன் ஓடும் வழி எல்லோருக்கும் தெரியும் என்பதால் இப்படி ஒரு முறை இல்லாவிட்டால் தினமும் சண்டைதான். ஊர்க்கூட்டமே முடிவுசெய்யும் இந்த வழக்கத்தைப் பற்றி ஒரு பெரியவர் சொல்லக் கேட்பது, எனக்குப் பூநாரைக்குச் சமமான அனுபவம்.

கரையோரம் கொஞ்சம் நடந்தால், இடுப்பளவு நீரில் உட்கார்ந்தபடியே நகரும் இருளர் பெண்களைப் பார்க்கலாம். இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். பனையோலைப் பறி பல்லில் கடித்தபடியோ கழுத்திலோ தொங்கும். இறால் அகப்பட்டதும் கை பறிக்குப் போய்வருவது கண் இமைக்கும் நேரம்தான். கேட்டுவிட்டு மட்டும் படம் எடுங்கள். அவர்களுக்கு அது பிழைப்பு.

படகு வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரிக்கு உல்லாசமாக வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இருந்தும் கரையில் நின்றால் "முகத்துவாரம் வரைக்கும் போலாமா சார்" என்று யாராவது கேட்பார்கள். மீன்பிடிப் படகு மீன்பிடிக்கச் செய்தது, அதில் இருபது பேர் உட்கார்ந்து செல்ஃபி எடுக்க எழுந்தால் தாங்காது. ஏரி ஆழமில்லைதானே என்று நினைக்காதீர்கள். முகத்துவாரத்தை ஒட்டிய வாய்க்கால்களில் கடல் ஏறி இறங்கும் இழுப்பு பலமானது, அடியில் சேறு. அங்கே மணல் அடைப்பதும் திறப்பதுமாக இருப்பதால் நேற்று இருந்த தரை இன்று இருக்காது. கடற்கரையிலும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்கரையைப் பார்க்கப் பாலம் இருக்கிறது. அதன் நடுவில் நின்றாலே ஏரியின் தென்கோடியும் கலங்கரை விளக்கமும் படகுகளும் தெரியும். இந்த ஏரி வழியாகப் போகும் பக்கிங்காம் கால்வாயையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பின்னர் வடக்கே நீண்டது அது. தாது வருஷப் பஞ்சத்தில் 1877, 1878 ஆண்டுகளில் கூலிக்குக் கஞ்சி என்று மண் சுமந்தவர்களைக் கொண்டு சென்னை நகரப் பகுதி வெட்டப்பட்டபோதுதான் இந்தப் பெயர் வந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் இதில்தான் சென்னைக்குப் போயின.

டச்சுக்காரர்களின் ஊர்

பத்து மணிக்கு மேல் பறவைக்கு வேலை இல்லை, ஊருக்குள் நடக்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் தன் முதல் கோட்டையைக் கட்டியது இங்கேதான், 1613-இல். ஜெல்டிரியா கோட்டை என்று பெயர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலம் முழுவதற்கும் அவர்களின் தலைமையிடம் பழவேற்காடு. இங்கிருந்து கட்டம்போட்ட துணி தென்கிழக்காசியா முழுவதும் போனது. மலாய்க்காரர்கள் இன்றும் கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அந்தப் பெலிக்காட் இந்த ஊர்தான். இலங்கையில் 'பழையகாட் சாரம்' என்பதும் இதே பெயர். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சத்தில் விலைபோன ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாக இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கொண்டுபோகப்பட்டார்கள்.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்செடி மூடிய மேடுதான். போகாவிட்டாலும் பரவாயில்லை. டச்சுக் கல்லறையைத் தவறவிடாதீர்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ஊர்க் கடைவீதிக்குப் பக்கத்திலேயே. வாசலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஒன்றின் தலைமேல் மணற்கடிகை, மற்றொன்றின் கையில் மண்டையோடு. உள்ளே பெரிய கருங்கல் பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாக வெட்டப்பட்டிருக்கும். குனிந்து, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் விரல் வைக்காமல் பாருங்கள், எழுத்தின் விளிம்பு இன்னும் கூராக இருக்கும். குழந்தைகளின் பெயர்களும் உண்டு.

அங்கிருந்து ஆதிநாராயணப் பெருமாள் கோவில். செம்புறாங்கல்லால் கட்டியது, விஜயநகரக் காலத்தைச் சேர்ந்தது. ராமாயணக் காட்சிகளை உள்ளங்கை அளவுச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவசரமாகப் போனால் வெறும் பூவேலை என்று நினைத்துத் தாண்டிவிடுவீர்கள். போர்ச்சுக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா கோவிலும், நிழற்கடிகாரம் உள்ள பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில்தான். நிழற்கடிகாரத்தைப் பார்க்க விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்துப் போய், அங்கிருப்பவரிடம் கேளுங்கள்.

இந்த ஊர் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையில் பின்னும் பெட்டிகள் பெயர் பெற்றவை. சாயம் ஏற்றிய ஓலையை ஊசியளவு கிழித்து, மூடியும் பெட்டியும் காற்றுப்புகாமல் பொருந்தும்படி முடைவார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள், ஒரு சின்னப் பெட்டிக்கே நாள்கணக்கில் உழைப்பு இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு நேரம் மிச்சமிருந்தால், ஏரியின் தென்மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரிக்குப் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பூநாரை பார்க்க நல்ல இடம் அது. நாலு மணிக்கு மேல் போய்க் கரையிலேயே உட்கார்ந்திருங்கள்.

ராக்கெட் நாளில் போவதென்றால்

இஸ்ரோ ஏவுதல் தேதியை அறிவித்ததும், பார்வையாளர் அரங்குக்கான பதிவும் இணையத்தில் திறக்கும். 2019-இல் திறந்த அந்த அரங்கில் சுமார் 5,000 பேர் உட்காரலாம். பதிவு சீக்கிரம் நிறைந்துவிடும். பதிவில் கொடுத்த அடையாள அட்டையையே கையில் கொண்டுபோக வேண்டும். ஏவுதல் கடைசி நேரத்திலும் தள்ளிப்போகலாம், அதனால் அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். சூலூர்பேட்டையில் அன்று அறை கிடைப்பது கடினம்.

இடம் கிடைக்கவில்லை என்றால் பழவேற்காட்டுக் கரைக்கே வாருங்கள். அன்று ராக்கெட் செல்லும் பாதையில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் படகுகள் கரையில் கிடக்கும், ஊரே ஏரியோரம் நிற்கும். ஏவுதளம் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. வடக்கே. இரவு ஏவுதலாக இருந்தால் முதலில் அடிவானம் ஆரஞ்சாகும், பிறகு ஒரு தீப்பொறி சத்தமே இல்லாமல் மேலேறும். அது மேகத்துக்குள் போய் மறைந்ததும் பலர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் சத்தம் ஏரியைக் கடந்து வந்து சேரும். முதலில் தொலைவில் இடி உருள்வதுபோல, பிறகு படகின் விளிம்பில் வைத்த கைக்குத் தெரியும்படி.